ஸ்பீக்கர் கோனும் மிருதங்கக் கரணையும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை வாசல்தோறும் ஓர் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். தைப்பூசம் வந்துவிட்டால் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் பந்தலுக்குப் பந்தல் ஆளுயரப் பெட்டிகள் நிற்கும். கோயில் மண்டபம், கல்யாண மண்டபம், தமிழ்ப்பள்ளிச் சபைகூடல் என்று நம் சமூக வாழ்க்கையின் பாதி ஒலிபெருக்கி வழியாகத்தான் காதுக்கு வருகிறது. ஆனால், அந்தப் பெட்டிக்குள் அசைகிற காகிதக் கோன் கிழிந்தாலோ, ஓரப்பட்டை உளுத்தாலோ, குரல் கரகரத்தாலோ நமக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது. கோனைக் கையால் சீர்செய்வதும், அதன்மேல் தூரிகையால் பூச்சுப் பூசி ஓசையைத் திருத்துவதும் ஒரு முழுமையான கைத்தொழில். அதற்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது. நம் மரபில் அதற்கு மூத்த உறவும் இருக்கிறது. அந்தத் தொழிலைப் பினாங்கு முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதையும் அளவைக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் கோன் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அமைப்பை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் வெளியிட்டார்கள். காந்த இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கோன், கோனை நடுவில் பிடித்து வைக்கும் ஸ்பைடர், வெளி விளிம்பில் நெகிழும் ஓரப்பட்டை. நூறு ஆண்டாகியும் அடிப்படை மாறவில்லை. தாழ்ந்த சுருதிகளில் கோன் முழுவதும் ஒரே தட்டாக முன்னும் பின்னும் போய்வரும். சுருதி ஏற ஏற அது முடிவதில்லை. கம்பிச்சுருள் தள்ளிய அசைவு கோனின் உடம்பு வழியே அலையாக ஓடி, விளிம்பில் மோதித் திரும்புகிறது. ஓரிடம் முன்னால் வரும்போது இன்னோரிடம் பின்னால் போகிறது. சில சுருதிகளில் இந்த நெளிவு பெருத்து, கீச்சென்ற உறுத்தலாகக் காதில் விழுகிறது. கோனின் கனம், விறைப்பு, அதிர்வை உள்வாங்கி அடக்கும் தன்மை ஆகிய மூன்றும்தான் இந்த நெளிவைத் தீர்மானிக்கின்றன. ஒரு பூச்சு இந்த மூன்றையும் மாற்றக்கூடியது. ஆகவே, பூச்சுப் பூசினால் ஓசை மாறுமா என்ற கேள்விக்கு மாறும் என்பதுதான் விடை. எவ்வளவு மாறும், நல்லதற்கா கெட்டதற்கா என்பதே விவாதத்துக்கு உரியது.

இது ஏதோ பொழுதுபோக்காளர்களின் கற்பனை என்று எண்ணுபவர்கள் பிபிசியின் வரலாற்றைப் பார்க்கலாம். 1970-களில் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஒலிபெருக்கி இன்றும் பெயர் பெற்றது. அதில் இருந்த, கெஃப் நிறுவனத்தின் பி110 ஸ்பீக்கரின் கோன் பெக்ஸ்ட்ரீன் என்ற பாலிஸ்டைரின் வகை பிளாஸ்டிக்கால் ஆனது. பெக்ஸ்ட்ரீனுக்குத் தன் அதிர்வைத் தானே அடக்கும் குணம் போதாது. அதனால் கோனின்மேல் பிசுபிசுப்பான பூச்சு ஒன்று ஏற்ற வேண்டியிருந்தது. பூச்சு இல்லாத பெக்ஸ்ட்ரீன் கோனைப் பொறியாளர்கள் ஏற்கவில்லை. பிறகு அதே பிபிசியின் ஹார்வுட், தானே அதிர்வை அடக்கும் பாலிபுரொப்பிலீன் கோனை உருவாக்கி, 1977-இல் ஹார்பெத் நிறுவனத்தைத் தொடங்கினார். பூச்சின் தேவையை அறிந்தவர்களே பூச்சு வேண்டாத பொருளைத் தேடிப் போனார்கள். உலகின் மிகக் கறாரான ஒலி ஆய்வுக்கூடங்களில் ஒன்று, கோன்மேல் ஏறும் பூச்சை இவ்வளவு பொருட்படுத்தியிருக்கிறது.

ஆனால், நமக்கு லண்டன்வரை போகவேண்டிய அவசியமே இல்லை. அதிரும் பரப்பின்மேல் கையால் ஒரு பொருளை ஏற்றி அதன் ஓசையைத் திருத்துவதில் தமிழர்களுக்கு உள்ள அனுபவம், ஒலிபெருக்கி பிறப்பதற்கு வெகு காலம் முந்தையது. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாகத் தெரியும் கரணையைச் சொல்கிறேன். சமமான தோல் ஒன்றை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் ஓசைகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. முதல் ஓசையை 1 என்று கொண்டால் அடுத்தவை 1.59, 2.14 என்று முழு எண்ணில் சேராமல் போகும். மேளத்துக்கு முழக்கம் உண்டு, சுருதி இல்லை என்று மேலை இயற்பியலாளர்கள் கருதியதற்கு இதுவே காரணம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு இந்த எண்ணத்தை உடைத்தது. 1934-இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் இராமன் விரிவாக எழுதினார். நடுவில் தடித்தும் விளிம்பை நோக்கி மெலிந்தும் கரணை ஏற்றப்படுவதால், தோலின் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து இசைவான சுரங்களாகத் திரள்கின்றன என்று அவர் காட்டினார். தோலின்மேல் மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் போய் ஒதுங்குகிறது என்று பார்த்தே இதை நிறுவினார். கனத்தை எங்கே ஏற்றுகிறோம், எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அதிரும் பரப்பின் குரலே மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கரணை எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். குழையக் குழைய வெந்த சோறும் கிட்டான் கல்லை இடித்துச் சலித்த தூளும் சேர்ந்த பசை அது. கைவினைஞர் அதில் ஒரு சிட்டிகையை எடுத்துத் தோலின் நடுவில் வைத்து, விரலால் பரப்பி, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார். தேய்க்கத் தேய்க்க ஈரம் போய்ப் பசை இறுகும். உடனே தட்டிப் பார்ப்பார். அடுத்த படலம் முன்னதைவிடச் சற்றுச் சிறிய வட்டமாக ஏறும். மறுபடி தேய்ப்பு, மறுபடி தட்டல். இப்படிப் பல படலங்கள். காய்ந்த கரணையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெடிப்புகள் ஓடும். அவை இருப்பதால்தான் கரணை தோலோடு சேர்ந்து வளைகிறது. ஒவ்வொரு படலத்துக்குப் பிறகும் தட்டிப் பார்க்கிறாரே, அதுதான் அந்தப் பட்டறையின் அளவை. காதுதான் கருவி, சுருதிதான் அளவுகோல். பூசுவதும் அளப்பதும் அங்கே ஒரே வேலையின் இரண்டு பாதிகள். இந்தக் கைகளுக்கு உரிய பெயரை நாம் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேடையில் வாசித்தவர்களின் பெயர் நிலைத்தது. தோலைப் பதப்படுத்திக் கரணை ஏற்றிய குடும்பங்கள் சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் அந்த வரலாற்றைத்தான் பதிவுசெய்கிறது. கைத்தொழிலைத் தாழ்வாகப் பார்க்கும் அதே பழக்கம் இன்று ஸ்பீக்கர் பழுதுபார்ப்பவரையும் தொடர்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். கோனில் கோலம் போடுவதெல்லாம் மனப்பிரமை, காசு செலவழித்தவன் காதுக்கு நன்றாகத்தான் கேட்கும் என்பது முதல் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த பட் பர்வைன் என்பவர் எனேபிள் என்ற முறையை உருவாக்கினார். கோனின் மையத்தை ஒட்டியும் விளிம்பை ஒட்டியும் சின்னச் சின்னச் செவ்வகக் கட்டங்களை, ஒன்றின் இடைவெளிக்கு நேராக மற்றொன்று வருமாறு, வட்ட வரிசைகளாக எழுதுபேனா முனையால் அக்ரிலிக் சாயத்தில் தீட்டி, மேலே பளபளப்பான பூச்சு ஒன்று கொடுப்பதுதான் அந்த முறை. ஓசை வியக்கத்தக்க அளவு தெளிவாகிறது என்கிறார்கள் ஆதரவாளர்கள். தெரிகிற மாற்றம் எல்லாம் கூடுதல் கனத்தாலும் மேல்பூச்சாலும் வருவதே, கட்டங்களின் வடிவத்துக்குத் தனி மகிமை இல்லை என்கிறார்கள் மறுப்பாளர்கள். என் நிலை மறுப்பாளர்களின் பக்கம்தான். பூச்சின் கனமும் அடக்கும் தன்மையும் விளக்கிவிடுகிற ஒன்றுக்கு, வடிவத்தின் மந்திரத்தைத் துணைக்கு அழைக்கவேண்டியதில்லை. ஆனால், ஒரு முறையைப் பற்றிய மிகைப்பேச்சைக் காட்டி, கைப்பூச்சு முழுவதையும் குப்பையில் தள்ளுவது நியாயமாகாது. கரணையை இராமன் எதிர்கொண்ட விதம் நமக்கு வழிகாட்டுகிறது. அவர் அதை நம்பவும் இல்லை, இகழவும் இல்லை. மணலைத் தூவிப் பார்த்தார்.

அப்படிப் பார்ப்பது இன்று எவருக்கும் எட்டக்கூடியது. ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒன்றில் அசையும் பகுதியின் எடை 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பூச்சு 1.2 கிராம் ஏறினால் கனம் 10 விழுக்காடு கூடுகிறது. அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 5 விழுக்காடு இறங்கும். 60 ஹெர்ட்ஸில் இருந்தது 57-க்கு வரும். அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஓசை 0.8 டெசிபெல் அளவுக்குக் குறையும். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே சொல்லலாம். மேலே உள்ள சுருதிகளில் நெளிவு எவ்வளவு அடங்கியது என்பதை அளக்க ஓர் அளவை மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும், ஒரு மடிக்கணினியும் போதும். இணையாக வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு மட்டும் பூச்சுக் கொடுத்து, மற்றதைத் தொடாமல் வைத்து, இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். அதன்பின் எது எது என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கவைக்க வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாத பூச்சுவேலைக்கு நானும் ஒரு ரிங்கிட் கொடுக்கச் சொல்லமாட்டேன்.

கருவிகளைத் தேடி அலையவேண்டிய ஊர் பினாங்கு அன்று. மூன்று சுழி எண் கொண்ட மெல்லிய தூரிகையும், தோய்த்தெழுதும் பேனா முனையும், அக்ரிலிக் சாயமும் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வெள்ளைப் பசை எந்த வன்பொருள் கடையிலும் உண்டு. 0.01 கிராம்வரை காட்டும் சிறு தராசு நகைத்தொழில் செய்பவர்களின் அன்றாடக் கருவி. பழகுவதற்கு வேண்டிய பழைய ஸ்பீக்கர்களுக்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை இருக்கிறது. ஐந்து பத்துக்கு வாங்கிய கோனில் கை பழகிய பிறகே நல்ல கோனைத் தொட வேண்டும், ஏனென்றால் ஒருமுறை காகிதத்தில் ஊறிய பூச்சை மீட்டெடுக்க முடியாது. குங்கிலியத்தையும் மறந்துவிடக் கூடாது. தாமார் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் அந்த மரப்பிசின் இந்தத் தீபகற்பத்துக் காடுகளின் விளைபொருள், பினாங்குத் துறைமுகத்தின் பழைய ஏற்றுமதிச் சரக்கு. அதைக் கற்பூரத் தைலத்தில் கரைத்துக் காகிதக் கோனுக்கு மெல்லிய மேற்பூச்சாகக் கொடுக்கும் வழக்கம் ஒலி ஆர்வலர்களிடம் உண்டு.

வேலை பொறுமை கேட்கும். கோனின் தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்து, ஸ்பீக்கரைச் சுழலும் தட்டின் நடுவில் வைத்து, வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு தட்டைச் சுழற்றினால் வட்டம் கோணாமல் விழும். பசை ஒரு சொட்டுக்கூடக் காந்த இடைவெளிப் பக்கம் வழியக் கூடாது. ஸ்பைடரில் பட்டால் அதன் நெகிழ்ச்சி போய்விடும். ஓரப்பட்டையில் எதைப் பூசுவதானாலும், அது காய்ந்த பின்பும் இறுகாத பொருளாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு படலம் காய்வதற்கு ஒரு முழு நாள் விடுவது நல்லது. எடை பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஈரம் இருக்கும்போது தராசு காட்டும் எண் பொய்யான எண். இன்னொன்று, இந்த ஈரக்காற்றுதான் இங்கே ஸ்பீக்கரின் முதல் எதிரி. பஞ்சுபோன்ற பாலியூரித்தேன் ஓரப்பட்டை ஈரத்தில் சிதைந்து, தொட்டால் பொடியாகும் நிலைக்கு வந்துவிடும். காகிதம் ஈரத்தை உறிஞ்சித் தளரும், பூஞ்சணமும் பிடிக்கும். குளிர்நாட்டில் பூச்சு என்பது ரசனை சார்ந்ததாக இருக்கலாம். கடலோரத்துப் பினாங்கில் அது காகிதத்துக்குப் பாதுகாப்பும்கூட.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. இன்றைய ஒலிக்கருவிகளில் கணினிவழி ஒலித்திருத்தம் இருக்கிறது, கோனின் குறையை மென்பொருளே சரிசெய்துவிடும், புதிய ஸ்பீக்கரும் மலிவு, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கிறார்கள். ஓர் இடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு மென்பொருள் நன்றாகவே திருத்தித் தரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நெளியும் கோன் நேரே ஒரு விதமாகவும் பக்கவாட்டில் வேறு விதமாகவும் ஒலியை வீசுகிறது. முன்வரிசைக்குத் திருத்தினால் ஓர வரிசைக்கு அது பொருந்தாது. மண்டபத்துக்கும் பந்தலுக்கும் இது சிறிய குறையன்று. கிழிந்த காகிதத்தையும் உரசும் கம்பிச்சுருளையும் எந்த மென்பொருளும் ஒட்டிவிடாது. விலை மலிவு என்ற கணக்கில் குப்பையின் விலை சேர்க்கப்படவில்லை. மலேசியச் சட்டம் மின்-மின்னணுக் கழிவைத் திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகள் 2005-இன் கீழ் எஸ்டபிள்யூ110 என்று வகைப்படுத்தி, கண்ட இடத்தில் கொட்டக்கூடாத பொருளாக வைத்திருக்கிறது. கோன் கிழிந்த ஒரு ஸ்பீக்கரில் காந்தமும் இரும்புச் சட்டமும் பல பத்தாண்டுகளுக்குக் கெடாமல் இருக்கும். கெட்டது சில கிராம் காகிதமும் பஞ்சும்தான். அதற்காகக் கிலோக் கணக்கில் உலோகத்தை எறிவது சிக்கனம் ஆகாது.

பினாங்கில் இந்தத் தொழிலுக்கு வேண்டிய இரண்டு திறமைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று அளக்கும் திறமை. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972-இல் தொடங்கியபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் கார் ஒலிக்கருவிகள் செய்யும் கிளாரியனும் ஒன்று. 2010-களில் போஸ் நிறுவனம் பத்து கவானில் ஆலை அமைத்தது. அரை நூற்றாண்டாக மின்னணுக் கருவிகளைச் சோதித்துப் பழகிய பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் இந்த மாநிலத்தில் வாழ்கிறார்கள். 1969 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும், 1989 முதல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் இயங்குகின்றன. மற்றது கைத்திறமை. 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்குக் கட்டடங்கள் மட்டும் காரணமல்ல. பெயர்ப்பலகை செதுக்குபவரும் சொங்கோக் தைப்பவரும் பூமாலை கட்டுபவரும் சேர்ந்ததுதான் அந்த நகரம். உறுமி மேளக் குழுக்களும் கோயில் தவில்காரர்களும் நுண்கலை ஆலயத்தில் மிருதங்கம் பயிலும் பிள்ளைகளும் நம் பங்குக்கு இருக்கிறார்கள். ஆனால், தோல் தளர்ந்தாலோ கரணை உதிர்ந்தாலோ தமிழ்நாட்டுக்கு அனுப்புவதும் அங்கிருந்து வருபவருக்காகக் காத்திருப்பதும்தான் பலருக்கு வழி. ஆலைக்குள் இருப்பவருக்குக் கரணை தெரியாது. மேளம் கட்டுபவருக்கு அளவை மைக் தெரியாது. இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு எதுவும் இன்றுவரை நம்மிடம் இல்லை.

பாரம்பரியத்தையும் மின்னணுவையும் கலந்தால் பாரம்பரியம் கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கரணையை அளந்த இராமன் மிருதங்கத்தைக் குறைத்துவிடவில்லை, உலகம் அதை வேறு கண்ணால் பார்க்கவைத்தார். இதில் வருமானம் இருக்கிறதா, பிள்ளைகள் வருவார்களா என்று பெற்றோர் கேட்பது நியாயம். கரணை மட்டும் ஏற்றியோ கோன் மட்டும் ஒட்டியோ ஓர் இளைஞர் குடும்பம் நடத்துவது கடினம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஸ்பீக்கர் பழுது, மேளப் பழுது, மண்டபங்களின் ஒலியமைப்பு, அளவை ஆகிய நான்கும் தெரிந்த ஒருவருக்குக் கோயிலும் பள்ளியும் ஒலி வாடகைக் கடையும் வாடிக்கையாளர்கள். தைப்பூசத்துக்கு முந்திய மாதத்தில் அவர் கை ஓயாது.

ஆகவே, மாநில அரசும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் சேர்ந்து, மலேசியத் திறன் சான்றிதழுக்குள் ஒலிபெருக்கிப் பழுதுபார்ப்பை ஒரு பாடமாக வைக்க வேண்டும். பூச்சுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவை இல்லாமல் எந்தப் பயிற்சி வேலைக்கும் மதிப்பெண் தரக்கூடாது. கைவினைஞர்களுக்கு விருதும் பயிற்சித் திட்டமும் நடத்தி அனுபவம் பெற்ற பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை, தஞ்சாவூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு மிருதங்கக் கைவினைஞரை உரிய ஊதியத்தோடும் மரியாதையோடும் ஆசிரியராக அழைத்து, சில மாதங்கள் இங்கே தங்கிக் கற்றுக்கொடுக்கச் செய்ய வேண்டும். அறிவியல் பல்கலைக்கழகம் தன் அளவைக் கூடத்தை வாரத்தில் ஒரு மாலை இவர்களுக்குத் திறந்துவிடலாம். கோயில்களுக்கும் இதில் பங்கு உண்டு. பினாங்கு இந்து அறநிலைய வாரியத்தின் பார்வையில் உள்ள கோயில்களும் மண்டபங்களும் பழுதான ஸ்பீக்கர்களை எறியாமல் இந்தப் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினால், மாணவர்களுக்கு முதல் ஆண்டுக்கு வேண்டிய வேலை கிடைத்துவிடும். வாசகர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் ஓரப்பட்டை உளுத்த பழைய ஸ்பீக்கர் இருந்தால் இந்த வாரம் அதைக் குப்பைக்குப் போடாதீர்கள். காந்தம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.